பால்மரக் காட்டில் வளர்ந்த பணியறம்

உழவுத் தொழிலைத் தெய்வத்தோடு சேர்த்து எண்ணுவது தமிழர்தம் தொன்மையான மரபு. திருவள்ளுவப் பெருந்தகை உழவுக்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்து, அதனை நூற்று நான்காம் அதிகாரமாக வைத்தார். விதைக்குமுன் மண்ணை வணங்குவதும், அறுத்த முதற்கதிரைக் கோயிலுக்கு அளிப்பதும், தைத் திங்களில் கதிரவனுக்குப் பொங்கலிடுவதும் நம் முன்னோரின் வாழ்க்கையோடு கலந்தவை. ஆயினும் அந்த உழவர் நிற்கும் நிலம் ஒன்று உண்டு. சொந்தமோ குத்தகையோ, விளைச்சலில் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

மலாயாவுக்கு வந்த நம் பாட்டன் பாட்டியருக்கு அத்தகைய நிலம் எதுவும் இருந்ததில்லை. நிலம் வேறொருவருடையது; மரம் வேறொருவருடையது; மரம் சுரந்த பாலும் வேறொருவருடையது. நாட்கூலி ஒன்றே அவர்களுடையது. இவ்வாறு பிறர் நிலத்தில் பிறர் பொருட்டுச் செய்யும் வேலையில் பொறுப்புணர்வுக்கு இடமுண்டா? அதில் வழிபாட்டுக்குரிய பொருளேனும் இருக்க இயலுமா? இக்கேள்விக்கு நூல்களில் விடை தேடுவதைக் காட்டிலும், ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்து மறைந்த நம் மக்களின் வரலாற்றில் விடை தேடுவதே பொருத்தம் எனக் கருதுகிறேன்.

மரம் வந்த கதை

ரப்பர் மரத்தின் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் விதைகளை இலண்டன் மாநகரின் கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மிகச் சிலவே. அக்கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. 1877ஆம் ஆண்டில் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூரை வந்தடைந்தன. அவற்றுள் ஒன்பது, பேரா மாநிலத்தின் கோலக்கங்சாரில் சர் ஹியூ லோ அவர்களின் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னாளில் பல இலட்சம் ஏக்கரில் பரவிய மரக்கூட்டத்துக்கு மூலமாக இருந்தவை இந்தச் சில கன்றுகளே என்பது வியப்புக்குரியது.

கன்றுகள் வளர்ந்தும் எவரும் அவற்றை மதிக்கவில்லை. காப்பி பயிரிட்டுப் பழகிய தோட்டக்காரர்களுக்கு இம்மரத்தில் நம்பிக்கை பிறக்கவில்லை. 1888ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்ற அறிஞர் ரப்பர் விதைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காண்போரிடமெல்லாம் நடும்படி வேண்டினார். அதனால் அவரைப் பித்தர் என்றே பலரும் எள்ளினர். 1896ஆம் ஆண்டில் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீனச் செல்வர் துணிந்து புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். காப்பியின் விலை வீழ்ந்தபோது ஏனையோரும் அவரைப் பின்பற்றினர்.

ரிட்லி செய்த பெரும் தொண்டு பிறிதொன்று. அமேசான் காட்டில் பால் எடுத்தோர் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். அதனால் மரம் காயம்பட்டு நலிந்தது. ரிட்லி தம் ஆராய்ச்சியில் வேறொரு வழி கண்டார். பட்டையை மிக மெல்லிய சீவலாக, முன் சீவிய விளிம்பிலேயே மீண்டும் மீண்டும் சீவினால் மரம் சாவதில்லை, பாலும் குறைவதில்லை, சீவிய பட்டையும் மீண்டும் வளர்கிறது என்று நிறுவினார். உலகின் ரப்பர்த் தொழில் முழுவதும் இந்த உண்மையின்மேல் எழுந்ததாகும். இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. இம்முறை இயந்திரத்தை நம்பிய முறையன்று; மனிதக் கையை நம்பிய முறை. அந்தக் கை பெரும்பாலும் தமிழரின் கையாக அமைந்தது.

மக்கள் வந்த கதை

ரப்பருக்கு முன்னரே கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர் வந்தனர். ரப்பர் பெருகிய காலத்தில் கங்காணி முறை வலுப்பெற்றது. தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் தம் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டி வருவார். அவர் அழைத்து வந்தோர் நாள்தோறும் வேலைக்கு வந்தால் தலைக்கு இவ்வளவு என அவருக்குப் பணம் கிடைக்கும். 1907ஆம் ஆண்டில் தமிழர் குடிவரவு நிதி ஏற்படுத்தப்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று, கூலிகளின் கப்பற்செலவை அந்நிதி ஏற்றது. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை சட்டத்தால் நிறுத்தப்பட்டது. திறன்சாராத் தொழிலாளர் இவ்வாறு அனுப்பப்படுவதை இந்திய அரசாங்கம் 1938ஆம் ஆண்டில் தடை செய்தது.

வந்தவர்கள் யாவர்? வறட்சியாலும் கடனாலும் வாடிய உழவர்கள். தமக்கென ஒரு சாண் நிலமுமின்றிப் பிறர் வயலில் உழைத்தோர். சாதிக் கொடுமையால் ஊரின் எல்லைக்கு வெளியே வாழ்ந்தோர். நெல்லையும் கேழ்வரகையும் அறிந்த அக்கைகள், அதுவரை கண்டிராத ஒரு மரத்தின் முன்னே நின்றன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கின் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் தங்கி, பிறகு தோட்டத்து லயத்தை அடைந்தவர்களிடம் கைப்பொருள் ஏதும் இல்லை. ஆயினும் தெய்வம் உடன் வந்தது. ஒரு மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மனாகவோ முனீசுவரராகவோ வணங்கினர். இன்று இராசகோபுரத்துடன் விளங்கும் திருக்கோயில்கள் பலவற்றுக்கு மூலம் அந்தக் கல்லே ஆகும்.

எவரும் காணாத வேலை

பால்வெட்டுத் தொழிலை நேரிற் கண்டிராத இளைய தலைமுறையினருக்காக அதனைச் சற்று விளக்குதல் நலம். பொழுது விடியுமுன்னரே பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். அங்கிருந்து ஒவ்வொருவரும் தத்தம் நிரைக்குப் பிரிந்து செல்வர். இருள் விலகாத நேரத்தில் வேலை தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுமுன் மரத்தின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது சீவினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் பாலோட்டம் குறையும். மழை பெய்தாலோ மங்கில் இறங்க வேண்டிய பால் பட்டையெங்கும் வழிந்து வீணாகும்.

நடப்பட்ட மரம் ஐந்தாறு ஆண்டு வளர்ந்து, சுற்றளவு ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டரை எட்டியதும் வெட்டத் தொடங்குவர். பட்டையில் இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சரிவாகக் கோடு செல்லும். பால்குழாய்கள் மரத்துக்குள் சற்றே சாய்வாக மேலேறுவதால், இவ்வாறு வெட்டினால் மிகுதியான குழாய்கள் திறக்கும். ஒவ்வொரு முறையும் சீவப்படும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. ஆழத்திலும் ஓர் எல்லை உண்டு. பட்டைக்கும் கட்டைக்கும் இடையே உள்ள மெல்லிய வளர்படலத்துக்கு மிக அருகில் உளி செல்ல வேண்டும்; ஆனால் அதனைத் தொடலாகாது. ஆழம் குறைந்தால் பால் வாராது. ஆழம் மிகுந்தால் மரத்தில் காயம் விழும்.

அந்தக் காயத்தின் விளைவைச் சிந்திக்க வேண்டும். காயம் பட்ட இடத்தில் பட்டை சமமாக வளராது. முடிச்சும் மேடுமாகத் தடித்துவிடும். புதுப்பட்டை முதிர்ந்து மீண்டும் வெட்டுக்கு ஆயத்தமாகப் பல ஆண்டுகள் ஆகும். இன்று ஒருவர் கவனக்குறைவால் செய்த பிழை, அத்தனை ஆண்டுகள் கழித்து, அதே இடத்தில் உளி வைக்கும் மற்றொருவரின் கையைத் தடுக்கும். அந்த மற்றொருவர் அவருடைய மகனாகவோ மருமகளாகவோ கூட இருக்கலாம். மரம் எதனையும் மறப்பதில்லை. வெட்டியவரின் பொறுமையும் அவசரமும் அதன் உடலில் பதிவேடுபோல் பதிந்து நிற்கின்றன.

தோட்டத்தில் மேற்பார்வை இல்லாமலில்லை. கங்காணியும் தண்டலும் கிராணியும் வருவார்கள், காயம் கண்டால் ஏசுவார்கள், கூலியிலும் கைவைப்பார்கள். ஆயினும் அவர்கள் காண்பது வேலை முடிந்த பின்னரே. ஒரு நாளில் நானூறு, ஐந்நூறு மரங்களின் முன்னே, தலையில் கட்டிய விளக்கின் ஒளி வட்டத்துக்குள் உளி பட்டையைத் தொடும் கணத்தில், அங்கே இருப்போர் இருவரே: வெட்டுபவரும் மரமும். அக்கணத்தில் கையை நேராக நிறுத்துவது அச்சமன்று. பயனில் உரிமையின்றிப் பணியில் நேர்மை காப்பதைக் கருமயோகம் என்று பகவத்கீதை வழிவந்த ஆன்றோர் உரைப்பர். அச்சொல்லை அறியாமலேயே அதன்படி வாழ்ந்தவர்கள் நம் தோட்டத்து மக்கள்.

கோயிலுக்கு வந்த உளி

இதற்குச் சான்றாக ஆயுத பூசை நாளைக் கூறலாம். அன்று உளி, தீட்டுக்கல், வாளி, மங்கு ஆகியவற்றைக் கழுவித் துடைத்து, திருநீறும் சந்தனமும் குங்குமமும் இட்டு, தெய்வத்தின் முன்னே வைப்பர். ஏர்க்கலப்பைக்கு ஊரில் என்ன மரியாதையோ அதே மரியாதை இங்கே உளிக்குக் கிடைத்தது. உளி நிறுவனத்தின் பொருளுக்காக உழைத்த கருவி. ஆயினும் அன்று அது அம்மனின் சந்நிதியில் இருந்தது. மறுநாள் அதனைக் கையில் எடுப்பவருக்கு அது வெறும் இரும்பாக இராது.

திருவிழாக் காலத்தில் கூலியில் ஒரு பகுதியைக் கோயிலுக்குக் கொடுப்பதும் தோட்டங்களில் இருந்த வழக்கம். வயலில் விளைந்த நெல்லைக் கொடுக்க இயலாதவர்கள், தங்கள் விளைச்சலாகிய கூலியைக் கொடுத்தனர். ஆண்டு முழுவதும் பிறருக்கு உழைத்தோர் அந்தச் சில நாட்களில் தமக்கென ஒன்றைத் தாமே நடத்தினர். காவடியும் தீமிதியும் கூத்தும் அன்னதானமும் அவர்களுடைய நிருவாகத் திறனைக் காட்டின. இன்று நாம் கோயில் நிருவாகக் குழு என்று கூறும் அமைப்பின் வித்து இதுவே.

எனினும் அக்காலத்தை முழுவதும் பொற்காலமாகக் காட்டுவது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதி. கங்காணிக்கே முதல் மரியாதை என்ற நிலை பல கோயில்களில் இருந்தது. ஊரில் விட்டு வந்திருக்க வேண்டிய சாதி வேறுபாடு லயங்களிலும் கோயில் வாயிலிலும் தொடர்ந்தது. சம்பள நாளில் கள்ளுக்கடை பணத்தைக் கறந்தது. விலை வீழ்ந்த 1930ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பல்லாயிரவர் வேலையிழந்து தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் ஒழுங்காக வெட்டிய மரங்கள் இங்கேயே நின்றன.

கடமையும் உரிமையும்

கடமையைச் செய், கூலியைக் கேளாதே என்று ஏழைக்கு அறிவுரை கூறுவது எளிது. ஆனால் நம் தோட்டத்து மக்கள் கடமையையும் உரிமையையும் பகையாகக் கருதவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் இதற்குச் சான்று. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதற்கு வழிகாட்டினார். தொழிலாளர் கூலி உயர்வை மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி துரையைக் கண்டவுடன் இறங்கி நிற்க வேண்டும் என்ற இழிவான வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தனர்.

அக்கோரிக்கைகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். தம் கைக்குக் கிடைத்த கள்ளையே வேண்டாம் என்று கேட்ட தொழிலாளர், தம் வாழ்வுக்குத் தாமே பொறுப்பேற்க முன்வந்தவர்கள். மரத்தின் முன்னே தனித்து நின்றபோது பழகிய அதே நேர்மை, துரையின் முன்னே நின்றபோது துணிவாக மாறியது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து வந்த சப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் பர்மா இரயில்பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சென்றவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. ஆண்கள் இல்லாத லயங்களில் பெண்கள் மரவள்ளிக் கிழங்கு நட்டுக் குழந்தைகளைக் காத்தனர். போருக்குப்பின், 1954ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி. பி. நாராயணன் அவர்களின் தலைமையில் அது கூலிக்கும் நலனுக்கும் ஒரு முறையான வழியை வகுத்தது.

கூலியே உரிமையாளராக

விடுதலை பெற்றதையொட்டிய ஆண்டுகளில் புதிய இடர் தோன்றியது. ஐரோப்பிய நிறுவனங்கள் சில தம் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டுதுண்டாக்கிப் பலருக்கு விற்றனர். துண்டுகளை வாங்கியவர்களுக்கு அத்தனை தொழிலாளர் தேவைப்படவில்லை. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்த குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. வீடும் கோயிலும் பள்ளியும் தோட்டத்துக்கு உரியவை ஆதலால், தோட்டம் போனால் எல்லாம் போயிற்று.

இந்நிலையில் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். சுங்கை சிப்புட்டில் ரப்பர்த் தோட்டம் உடைய குடும்பத்தில் பிறந்த அவர், தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் பேசினார். விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே கூடி வாங்கலாம். மாதம் பத்து வெள்ளி சேர்த்தால் ஒரு பங்கு பெறலாம் என்பது அவர் காட்டிய வழி. அன்றைய கூலியில் பத்து வெள்ளி சிறு தொகையன்று. ஆயினும் மக்கள் கொடுத்தனர். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின.

சங்கத்தின் கணக்கு வழக்குகளை இங்கு ஆராய்வது என் நோக்கமன்று. நான் சுட்ட விரும்புவது ஒன்றே. அதுவரை பிறர் மரத்தைக் காயமின்றி வெட்டியவர், அன்று முதல் தம் மரத்தை வெட்டினார். உளி அதே உளி, மரம் அதே மரம், பொறுப்போ பெருகிற்று. வெட்டும் திறனோடு கூட்டத்துக்குச் செல்லுதல், கணக்கைக் கேட்டறிதல், தக்க நிருவாகிகளைத் தேர்ந்தெடுத்தல் ஆகியனவும் அவர்தம் கடமையாயின. உரிமை வந்தபோது பணி குறையவில்லை, கூடியது. தனிமனிதப் பொறுப்பு என்பதன் முழுப் பொருள் அங்கேதான் விளங்கிற்று.

நம் காலத்துக் கடமை

இன்று நிலைமை வேறு. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது; செம்பனை நின்ற இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்துள்ளன. எஞ்சிய ரப்பரில் பெரும்பகுதி சிறுதோட்டக்காரர்களிடம் உள்ளது. நம் மக்களுள் பெரும்பாலோர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, பின்னர் அரசாங்கப் பணியில் அமர்ந்த என்போன்றோரின் பிள்ளைகளுக்கு மங்கு என்றால் என்னவென்று விளக்கிக் காட்ட வேண்டியுள்ளது.

தோட்டம் விற்கப்பட்டபோது கோயிலின் நிலையும் கேள்விக்குறியானது. நிறுவனத்தின் வாய்மொழி இசைவோடு எழுப்பப்பட்ட கோயில்களுக்கு நிலப்பட்டா இல்லை. நூறாண்டு வழிபாடு நிகழ்ந்தது என்று மக்கள் கூறினாலும், காட்டுவதற்கு ஓர் ஏடு இல்லாத நிலையில் பல கோயில்கள் இடம்பெயர நேர்ந்தது. அரசாங்க அலுவலகத்தில் பணியாற்றுவோர் இதன் பொருளை நன்கு அறிவர். கோப்பில் இல்லாத ஒன்றை, அது எத்துணை உண்மையாயினும், அலுவலகத்தில் நிலைநாட்டுதல் அரிது.

ஆகவே, தோட்டத்து அறத்தைப் போற்றுவதென்றால் மேடையில் புகழ்ந்து பேசுவது மட்டும் போதாது. கோயில் எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்து மக்களால் தொடங்கப்பட்டது, நிலம் இப்போது யார் பெயரில் உள்ளது, பழைய இரசீதுகளும் நிழற்படங்களும் கடிதங்களும் எவர் வீட்டில் உள்ளன என்பனவற்றை எழுதித் தொகுக்க வேண்டும். பால்வெட்டிய கைகளை உடைய மூத்தோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் நினைவிலிருப்பதைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுக் கணக்கை உரிய காலத்தில் ஒப்படைப்பதும், உண்டியல் பணத்தை இருவர் முன்னிலையில் எண்ணுவதும், கூட்டக் குறிப்பை அன்றே எழுதி முடிப்பதும் வெளியே தெரியாத வேலைகள். கைதட்டல் பெறாத வேலைகள். எவரும் காணாத இருளில் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை நேராகச் சீவிய வேலையும் அத்தகையதே.

ஆயுத பூசையன்று அம்மன் திருமுன் இப்போது கணினியும் வாகனச் சாவியும் வைக்கப்படுகின்றன. அவற்றின் அருகே பழைய உளி ஒன்றையும் வைத்தல் தகும். அதனைக் கண்டு பேரப்பிள்ளை இது என்ன என்று கேட்பான். அப்பொழுது இவ்வரலாற்றை அவனுக்கு எடுத்துரைக்க நம்முள் ஒருவரேனும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அன்னையின் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.